நாய்க்கு ஏழு... நமக்கு ஒன்பது!

ஆபீஸ் டீ டைமில் சண்டை வராமல் பேசக்கூடிய விஷயங்கள் ரொம்பக் குறைவு. அரசியல் என்றால் டம்ளர் பறக்கும். சினிமா என்றால் செக்‌ஷனே இரண்டு ரசிகர் மன்றமாகப் பிரியும். கிரிக்கெட் என்றால் ஆடுவது பதினோரு பேர், செலக்டர்கள் இருபது பேர். சம்பளம் பற்றி வாயே திறக்கக் கூடாது. பி.பி. ஏறும்.

தப்பிப்பது இரண்டே டாபிக். ஒன்று, அவரவர் வீட்டு நாய், பூனை. ("எங்க டைகர் இருக்கானே சார், 'வாக்கிங்'னு வாயைத் திறந்தாப் போதும், செருப்பைக் கவ்விட்டு வந்து நிப்பான்!") இன்னொன்று, எண் விளையாட்டு. ("மனசுல ஒரு நம்பர் நினைச்சுக்குங்க... யார்கிட்டயும் சொல்லாதீங்க...")

சம்பந்தா சம்பந்தமில்லாத சமாசாரங்கள் மாதிரித்தான் தெரியும். ஆனால் கொஞ்சம் தோண்டிப் பார்த்தால் இரண்டும் ஒரே இடத்தில் போய் முட்டுகின்றன. அந்த இடத்தில் காசு இருக்கிறது. சில சமயம் உயிரும் இருக்கிறது. டீ ஆறுவதற்குள் பார்த்துவிடுவோம்.

★ ஒன்பது குட்டிகளும் ஒரு டப்பா பிஸ்கட்டும்

ஓர் எண் 9-ஆல் மீதியில்லாமல் வகுபடுமா? இலக்கங்களையெல்லாம் கூட்டு. கூட்டுத்தொகை 9-ஆல் வகுபட்டால் எண்ணும் வகுபடும். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். 'ஏன்?' என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் ஜன்னல் வழியாக வேப்பமரத்தைப் பார்ப்பார்கள். மீதிப் பேர், "வாத்தியார் அப்படித்தான் சார் சொன்னார்" என்பார்கள்.

ஏன் என்பது ரொம்ப சுலபம். உங்கள் வீட்டில் ஒன்பது நாய்க்குட்டிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். (வீட்டு ஓனர் என்ன சொல்வார் என்பது தனிக் கட்டுரை.) ஒரு பாக்கெட்டில் 10 பிஸ்கட். ஆளுக்கு ஒன்று கொடுத்தால் ஒன்று மிஞ்சும். ஒரு பெரிய டப்பாவில் 100 பிஸ்கட். ஆளுக்குப் பதினொன்று கொடுத்தால் 99. மறுபடி ஒன்றுதான் மிஞ்சும். ஆயிரம் பிஸ்கட் மூட்டையாக இருந்தாலும் ஆளுக்கு 111 போக மிச்சம் ஒன்றே ஒன்று.

இப்போது 475 பிஸ்கட். அதாவது 4 டப்பா, 7 பாக்கெட், 5 உதிரி. டப்பாவுக்கு ஒன்று வீதம் 4 மிச்சம், பாக்கெட்டுக்கு ஒன்று வீதம் 7 மிச்சம், உதிரி 5. கூட்டினால் 16. அதிலும் ஆளுக்கொன்று கொடுத்தால் கடைசியில் 7 மிஞ்சும். 475-ஐ 9-ஆல் வகுத்துப் பாருங்கள், மீதி 7-தான். இலக்கங்களைக் கூட்டுவது மந்திரமில்லை. ஒவ்வொரு பெட்டியிலும் மிஞ்சியதைப் பொறுக்கிச் சேர்க்கிறோம், அவ்வளவுதான். குட்டிகள் மூன்று என்றாலும் இதே கதைதான். அதனால்தான் 3-க்கும் அதே விதி.

★ 180 ரூபாய் உதைக்குது சார்!

இந்த ஒன்பதால் என்ன பிரயோஜனம்? சாயங்காலம் ஐந்தரை மணிக்கு, எந்தக் கூட்டுறவு சங்கத்தின் கேஷ் கவுன்டரிலும் நடக்கக்கூடிய ஒரு காட்சி இது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையனின் நெற்றியில் வியர்வை.

"அண்ணே, 180 ரூபா உதைக்குது. நாலு தடவை எண்ணிட்டேன். என் கையிலேர்ந்து போட்டுடவா?"

"அவசரப்படாதே தம்பி. 180 ஒன்பதால வகுபடுதா?"

"ஒண்ணும் எட்டும் ஒன்பது... வகுபடுதுண்ணே."

"அப்ப பணம் எங்கேயும் போகலே. எங்கியோ நம்பரைத் திருப்பிப் போட்டிருக்கே. 180-ஐ ஒன்பதால வகுத்தா 20. பத்தாம் இடமும் நூறாம் இடமும் மாறியிருக்கு. ரெண்டுக்கும் வித்தியாசம் ரெண்டு. 3-ம் 5-ம், இல்லே 6-ம் 8-ம் பக்கத்துப் பக்கத்துல இருக்கிற என்ட்ரியாப் பாரு."

பையன் தேடினால் கிடைக்கிறது. 8,350 என்று வாங்கிய பணத்தை 8,530 என்று எழுதியிருக்கிறான். பையன் முகத்தில் உயிர் வருகிறது. மாசக் கடைசியில் 180 ரூபாய் என்றால் சும்மாவா?

அண்ணன் செய்தது மேஜிக் இல்லை. 8,350-ம் 8,530-ம் ஒரே இலக்கங்கள்தான், இடம்தான் வேறு. ஆகவே 9-ஆல் வகுத்தால் இரண்டுக்கும் ஒரே மீதி. ஒரே மீதி உள்ள இரண்டு எண்களைக் கழித்தால் மீதி அடிபட்டுப் போய், வித்தியாசம் சுத்தமாக 9-ஆல் வகுபடும். 5,200-ஐ 2,500 என்று எழுதினால் வித்தியாசம் 2,700. ஒன்பதால் வகுத்தால் 300. அதாவது நூறு, ஆயிரம் இடங்கள் மாறியிருக்கின்றன, வித்தியாசம் 3. ஐந்தில் இரண்டு போனால் மூன்றுதானே!

ஒரு பூஜ்யம் விழுங்கப்பட்டாலும் ஒன்பது காட்டிக்கொடுக்கும். 450-ஐ 45 என்று எழுதிவிட்டால் வித்தியாசம் 405. ஒன்பதால் வகுத்தால் 45. எந்த என்ட்ரி என்று அதுவே பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது.

கொசுறாக ஒன்று. வித்தியாசம் இரட்டைப்படையாக இருந்தால் அதில் பாதித் தொகையைத் தேடுங்கள். வரவில் எழுத வேண்டியதைச் செலவில் எழுதியிருந்தால் வித்தியாசம் இரண்டு மடங்காகத்தான் வரும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஒன்பதால் வகுபட்டால் இலக்கம் மாறியிருக்கிறது என்பது நல்ல சந்தேகம் மட்டுமே, தீர்ப்பு இல்லை. சும்மா ஏதோ ஒரு தொகை குறைந்தாலும் ஒன்பதில் ஒரு தடவை தற்செயலாக 9-ஆல் வகுபட்டுத் தொலைக்கும். ஆகவே என்ட்ரி கையில் கிடைக்கிற வரை மேனேஜரிடம் சவால் விடாதீர்கள்.

★ நாய் முதுகில் பதினைந்து இலக்கம்

ஒன்பதாருக்கு ஒரு பலவீனம் உண்டு. இடம் மாறியதால் வந்த வித்தியாசத்தைப் பார்த்து மோப்பம் பிடிப்பாரே தவிர, எதிரே நிற்கிற ஒரே ஓர் எண்ணைப் பார்த்து, 'இது தலைகீழாக இருக்கிறது' என்று சொல்லத் தெரியாது. அவருக்கு 35-ம் 53-ம் ஒன்றுதான்.

அந்த வேலைக்கு 11 இருக்கிறது. குட்டிகள் பதினொன்று என்றால், பத்து பிஸ்கட் பாக்கெட்டில் ஒன்று குறையும். நூறு பிஸ்கட் டப்பாவில் ஆளுக்கு ஒன்பது போக ஒன்று மிஞ்சும். ஆயிரத்தில் மறுபடி ஒன்று குறையும். மிச்சம், குறை, மிச்சம், குறை என்று மாறி மாறி வருவதால், இலக்கங்களை ஒன்றுவிட்டு ஒன்று கூட்டிக் கழிக்க வேண்டும். 2,728 என்றால் 8-லிருந்து 2 போய், 7 சேர்த்து, 2 போனால் 11. வகுபடும்! பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறினால், கூட்ட வேண்டியதைக் கழித்து, கழிக்க வேண்டியதைக் கூட்டியிருப்போம். மீதி மாறிவிடும். திருடன் அகப்பட்டான்.

புத்தகங்களின் பின்னட்டையில் இருக்கும் ஐ.எஸ்.பி.என். எண் 2006 வரைக்கும் பத்து இலக்கமாக இருந்தது. அதன் கடைசி இலக்கம் இந்தப் பதினொன்றின் வேலைதான். மீதிக்காகப் பத்து என்று போட வேண்டி வந்தால் இடமில்லாமல் ரோமன் பத்தான 'எக்ஸ்' என்ற எழுத்தைப் போட்டார்கள். பழைய புத்தகம் இருந்தால் திருப்பிப் பாருங்கள். டெபிட், கிரெடிட் கார்டுகளின் கடைசி இலக்கமும் இந்த மாதிரிக் காவலாளிதான். ஐ.பி.எம். கம்பெனியில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் என்பவர் 1954-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த முறை அது. நம் ஆதார் எண்ணின் பன்னிரண்டாவது இலக்கம் இன்னும் உஷார். 1969-ல் நெதர்லாந்துக்காரர் வெர்ஹூஃப் கண்டுபிடித்த முறையில் வருவது. ஓர் இலக்கத்தைத் தப்பாக அடித்தாலும் சரி, பக்கத்து இலக்கங்களை மாற்றி அடித்தாலும் சரி, பிடித்துவிடும்.

சரி, நாய் எங்கே? இதோ. வளர்ப்பு நாய்க்கும் பூனைக்கும் தோலுக்கு அடியில், அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிதாக, ஒரு மைக்ரோசிப் வைக்கிறார்கள். உள்ளே பதினைந்து இலக்க எண். முதல் மூன்று இலக்கம் நாட்டைக் குறிக்கலாம் (இந்தியாவுக்கு 356), அல்லது தயாரித்த கம்பெனியைக் குறிக்கலாம். டாக்டர் ஒரு ரீடரை முதுகில் காட்டினால், சிப் தன் எண்ணைச் சொல்லும். கூடவே ஒரு வகுத்தலின் மீதியையும் சொல்லும். ரீடர் தானும் வகுத்துப் பார்த்து, இரண்டு மீதியும் ஒத்துப் போனால்தான் எண்ணைத் திரையில் காட்டும். தொலைந்து போன நாய் ஒரு வீட்டுக்குப் பதில் இன்னொரு வீட்டுக்குப் போகாமல் இருப்பது ஒரு வகுத்தல் மீதியின் புண்ணியம்!

(சிப் வைத்தால் மொபைலில் 'நாய் இப்போ எந்தத் தெருவில்' என்று பார்க்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். முடியாது. அதில் பேட்டரியே கிடையாது. ரீடர் பக்கத்தில் வந்தால்தான் வாயைத் திறக்கும். அதனால் கழுத்துப் பட்டையில் போன் நம்பரையும் எழுதி வையுங்கள்.)

★ கணக்குப் போட்ட குதிரை

எண்ணும் பிராணியும் நேருக்கு நேர் மோதிக்கொண்ட கதை ஒன்று உண்டு. இடம் பெர்லின். 1904. வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் என்ற ரிட்டயர்டு கணக்கு வாத்தியாரிடம் ஹான்ஸ் என்று ஒரு குதிரை இருந்தது. நாமெல்லாம் ரிட்டயர் ஆனால் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படிப்போம். அவர் குதிரைக்கு டியூஷன் எடுத்தார்.

கூட்டல், கழித்தல், வகுத்தல், பின்னம், தேதி... எது கேட்டாலும் ஹான்ஸ் குளம்பால் தட்டிப் பதில் சொல்லும். மூன்றும் நாலும் எத்தனை? ஏழு தட்டு. டிக்கெட் கிடையாது, வசூல் கிடையாது. அதனால் ஏமாற்று என்று சொல்லவும் வழியில்லை. உளவியல் பேராசிரியர் கார்ல் ஷ்டும்ஃப் தலைமையில் ஒரு குழு வந்து பார்த்து, "தில்லுமுல்லு எதுவும் தெரியவில்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது.

அப்புறம் வந்தார் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட். அவர் கேட்டது ஒரே கேள்விதான். கேட்பவருக்கே பதில் தெரியாவிட்டால் குதிரை என்ன செய்யும்? செய்து பார்த்தார். ஹான்ஸ் பாஸ் மார்க் கூட வாங்கவில்லை. கேட்பவரைப் பார்க்க முடியாதபடி மறைத்தார். அப்போதும் ஃபெயில்.

விஷயம் இதுதான். கேள்வி கேட்டவர் குளம்பைப் பார்க்க லேசாகக் குனிகிறார். குதிரை தட்ட ஆரம்பிக்கிறது. சரியான எண் வந்ததும் அவருக்கே தெரியாமல் தலை ஒரு மயிரிழை நிமிர்கிறது. குதிரை நிறுத்திவிடுகிறது. கணக்குப் போட்டது மனிதர், தட்டியது மட்டும் குதிரை! ஃபுங்ஸ்ட் ஒருபடி மேலே போனார். தானே குதிரையாகி, மற்றவர்கள் மனதில் நினைத்த எண்ணை, அவர்கள் முகத்தைப் பார்த்தே தட்டிக் காட்டினார். 1907-ல் புத்தகமாகவும் எழுதினார். இன்றைக்குப் புது மருந்தைச் சோதிக்கும்போது, எது நிஜ மாத்திரை எது வெறும் மாவு மாத்திரை என்பதை நோயாளிக்கும் சொல்வதில்லை, கொடுக்கிற டாக்டருக்கும் சொல்வதில்லை. முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்ற இந்தப் பயமும் அதற்கு ஒரு காரணம்.

ஹான்ஸைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம். 'இலக்கத்தைக் கூட்டு, ஒன்பதால் வகுபட்டால் டிக் போடு' என்று காரணம் தெரியாமல் பரீட்சை ஹாலில் தட்டிக்கொண்டிருக்கும் நாம் யார்? கொஞ்சம் நாகரிகமான ஹான்ஸ்தான். பேங்க் பரீட்சைக்கும் குரூப் பரீட்சைக்கும் அந்தத் தட்டு போதும். ஆனால் பரீட்சை ஹாலுக்கு வெளியே, காரணம் தெரியாத குறுக்குவழி சில சமயம் கடித்துவிடும்.

★ ஏழரை இல்லை, ஏழுதான்!

எண்களில் ரொம்ப முரண்டு பிடிப்பது 7. அதற்கும் வழி உண்டு. கடைசி இலக்கத்தை இரண்டு மடங்காக்கி, மிச்சத்திலிருந்து கழியுங்கள். 952 என்றால் 95-ல் 4 போக 91. மறுபடி, 9-ல் 2 போக 7. வகுபடும்!

ஏன்? 952-லிருந்து 42-ஐக் கழித்தால் 910. 42 ஏழின் மடங்குதானே? அதைக் கழிப்பதால் வகுபடுவதோ வகுபடாததோ மாறாது. 910-ல் கடைசிப் பூஜ்யத்தை எறிந்தாலும் மாறாது, பத்துக்கும் ஏழுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. மிச்சம் 91. கடைசி இலக்கத்தைத் துடைத்துப் போட 21-ன் மடங்கைப் பயன்படுத்துகிறோம், அதுதான் சூட்சுமம்.

2019-ல் லண்டனில் ஒரு 12 வயதுப் பையன் விடுமுறை வீட்டுப்பாடம் செய்யும்போது இன்னொரு வழியைத் தானாகவே பிடித்தான். கடைசி இலக்கத்தை ஐந்தால் பெருக்கி மிச்சத்தோடு கூட்டு. 95-ம் 10-ம் 105. மறுபடி 10-ம் 25-ம் 35. வகுபடும்! இங்கே 21-க்குப் பதில் 49. கணக்கு உலகத்துக்கு முன்பே தெரிந்த விதிதான். ஆனால் யாரும் சொல்லித் தராமல் கண்டுபிடித்த பையனுக்குக் கைதட்டல் கிடைத்தது நியாயம்தான்.

டீக்கடைக்கு ஒரு வித்தை. நண்பரை மூன்று இலக்க எண் ஒன்றை நினைக்கச் சொல்லுங்கள். அதையே இரண்டு தடவை ஒட்டி எழுதட்டும். நம் நாய் சிப்பின் 356 என்றால் 356356. "7-ஆல் வகுபடும், மீதி வராது." வராது. "விடையை 11-ஆல் வகு." அதுவும் வராது. "இப்ப 13-ஆல்." நினைத்த எண்ணே வந்து நிற்கும்! காரணம், இரண்டு தடவை ஒட்டி எழுதுவது என்றால் 1,001-ஆல் பெருக்குவது. அந்த 1,001 என்பது 7, 11, 13 மூன்றின் பெருக்கல். டீ காசு அவரே கொடுத்துவிடுவார்.

★ ஏழால் பெருக்காதே, பதினைந்தால் வகுக்காதே

இந்த ஏழை வைத்துப் பிராணிகள் விஷயத்தில் ஒரு பெரிய குறுக்குவழி புழக்கத்தில் இருக்கிறது. நாயின் வயதை ஏழால் பெருக்கினால் மனித வயது!

ஏன் என்று கேட்டுப் பார்ப்போம். ஒரு வயது நாய், ஏழு வயதுக் குழந்தையா? ஏழு வயதில் நம் பிள்ளை ஷூ லேஸ் கட்டத் தெரியாமல் நிற்கும். நாயோ அதற்குள் பருவத்துக்கு வந்து, ஒரு ஈடு குட்டி போடவும் தயாராகிவிடுகிறது. நாய்க்கு ஆரம்பத்தில் வயது குதிரை வேகத்தில் ஓடுகிறது, பிறகு நடக்கிறது. பெருக்கல் வாய்ப்பாடு இங்கே செல்லாது.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ விஞ்ஞானிகள் நூற்றுச் சொச்சம் லாப்ரடார் நாய்களின் டி.என்.ஏ.வில் வயதாக ஆக ஏற்படும் மாற்றங்களை மனிதர்களுடையதோடு ஒப்பிட்டு, 2020-ல் ஒரு சூத்திரம் சொன்னார்கள். லாகரிதம் எல்லாம் வரும். ஆனால் சாரத்தை வாயாலேயே சொல்லிவிடலாம். ஒரு வயது நாய் என்றால் மனிதரில் 31. அப்புறம் நாயின் வயது இரட்டிக்கும்போதெல்லாம் சுமார் 11 கூட்டு. இரண்டு வயதில் 42, நாலு வயதில் 53, எட்டு வயதில் 64. இது லாப்ரடாரை வைத்துப் போட்ட கணக்கு. பெரிய ஜாதி நாய்களுக்குச் சின்ன ஜாதி நாய்களைவிடச் சீக்கிரம் வயதாகும். ஆனாலும் ஒன்று நிச்சயம். எட்டு வயது நாய் உங்கள் கண்ணுக்குக் குட்டியாகத் தெரிந்தாலும், அது நம் அரசு ஊழியர் கணக்கில் பென்ஷன் வாங்குகிற ஆசாமி. மாடிப்படி ஏறவில்லையென்றால் 'சோம்பேறி' என்று திட்டாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

பூனைக் கணக்கு இதைவிட ஆபத்து. பூனைக்குக் காய்ச்சல் மாதிரி இருக்கிறது. வீட்டுக்காரர் கணக்கில் புலி. 'எனக்கு 60 கிலோ, பூனைக்கு 4 கிலோ. 60-ஐ 4-ஆல் வகுத்தால் 15, மீதியே இல்லை. எனக்கு ஒரு பாரசிட்டமால் என்றால் அதற்குப் பதினைந்தில் ஒரு பங்கு!'

வகுத்தல் சரி. பூனைதான் போய்விடும். ஏனென்றால் பூனை என்பது பதினைந்தில் ஒரு பங்கு மனிதன் இல்லை. பாரசிட்டமாலைக் கரைத்து வெளியேற்ற நம் கல்லீரலில் இருக்கிற வசதி பூனையின் கல்லீரலில் போதுமான அளவு இல்லை. மருந்து விஷமாக மாறி, ரத்தச் சிவப்பணுக்களால் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமல் போகிறது. ஈறு பழுப்பாகிறது, மூச்சு வாங்குகிறது. பூனைக்குப் பாதுகாப்பான பாரசிட்டமால் அளவு என்று ஒன்று கிடையவே கிடையாது. நாய்க்கும் நம் மருந்துப் பெட்டியிலிருந்து எதையும் நாமாக வகுத்துக் கொடுக்கக் கூடாது. தெரியாமல் கொடுத்தாகிவிட்டதா? அடுத்த நிமிஷம் கால்நடை டாக்டரிடம் ஓடுங்கள், மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு.

★ ஒரே ஒரு வெள்ளி

ஏழு காப்பாற்றுகிற இடமும் உண்டு. அது நாய்க்கடி.

பக்கத்து வீட்டுக் குட்டிதானே, பல்தானே பட்டது, விளையாட்டுக்குத்தானே என்று மஞ்சள் வைத்துவிட்டு ஆபீஸ் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ரேபிஸ் அறிகுறி வந்துவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. ஆனால் அதற்கு முன்னால் ஒழுங்காகச் செய்தால் அநேகமாக யாரும் சாக வேண்டியதில்லை. இவ்வளவு கறாராக இரண்டு பக்கமும் பேசுகிற வியாதி குறைவு.

முதலில் சோப்புப் போட்டு, ஓடுகிற குழாய்த் தண்ணீரில், கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும். மஞ்சள், மிளகாய்த்தூள், காபித்தூள் எதுவும் சமையலறையை விட்டு வெளியே வர வேண்டாம். அப்புறம் ஆஸ்பத்திரி. அரசு ஆஸ்பத்திரியில் ஊசி இலவசம். 'தொப்புளைச் சுற்றி பதினாலு ஊசி' என்று தாத்தா சொன்ன கதையை நினைத்துப் பயப்பட வேண்டாம். அந்தப் பழைய ரக மருந்தை இந்தியா 2004 கடைசியோடு நிறுத்திவிட்டது. இப்போது கையில் போடுகிறார்கள். காயம் ஆழமாக இருந்தால் காயத்திலேயே போடுகிற இம்யூனோகுளோபுலின் என்ற இன்னொரு மருந்தும் உண்டு. டாக்டர் முடிவு செய்வார்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், முதல் ஊசி போட்டதும் வலி குறைந்து, வேலை மும்முரத்தில் மற்ற ஊசிகள் மறந்துவிடுகின்றன. அட்டவணை இதுதான். தசையில் போடும் ஊசி என்றால் 0, 3, 7, 14, 28-ஆம் நாட்கள். தோலுக்குள் போடும் ஊசி என்றால் 0, 3, 7, 28. இதைப் பார்த்ததும் தலை சுற்றுகிறதா? ஏழால் வகுத்துப் பாருங்கள். 0, 7, 14, 28 எல்லாமே மீதியில்லாமல் வகுபடுகின்றன. வாரத்துக்கு ஏழு நாள். ஆகவே அத்தனையும் ஒரே கிழமை! முதல் ஊசி செவ்வாய்க்கிழமை என்றால் மற்றதும் செவ்வாய்தான். மீதி வருவது 3 மட்டும். அது வெள்ளி.

ஒரே ஒரு வெள்ளி, மற்றதெல்லாம் செவ்வாய். அவ்வளவுதான் அட்டவணை. சீட்டு தொலைந்தாலும் மனசில் நிற்கும். ஒன்றே ஒன்று கவனம். முதல் ஊசி போட்ட நாளுக்குப் பெயர் 0, ஒன்று இல்லை. அதை ஒன்று என்று எண்ண ஆரம்பித்தால் எல்லாம் ஒரு நாள் முன்னாடியே வந்துவிடும். டாக்டர் வேறு தேதி எழுதிக் கொடுத்தால் அவர் தேதிதான் தேதி. நம் ஏழு அவருக்கு அசிஸ்டென்ட் மட்டுமே.

இங்கே ஏழு ஏன் வேலை செய்கிறது? வாரத்துக்கு ஏழு நாள் என்பது உண்மை. நாய் வயதில் ஏழு ஏன் வேலை செய்யவில்லை? அங்கே ஏழு என்பது யாரோ சொன்னது. குறுக்குவழி இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். 'ஏன்' என்று ஒரு தடவை தட்டிப் பார்த்தால்தான் எது வெண்கலம், எது ஈயம் என்று சத்தத்தில் தெரியும்.

கடைசியாக, உங்கள் வீட்டு டைகருக்கு 475-ஐ 9-ஆல் வகுக்கத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. நம் முகத்தை, நம் தோளை, நம் நடையைப் படிப்பதில் அது ஹான்ஸுக்குத் தம்பி. 180 ரூபாய் உதைத்த அன்றைக்கு நீங்கள் கேட்டைத் திறந்து உள்ளே வருகிற விதத்திலேயே அது கண்டுபிடித்துவிடும். வாலைக் குறைத்து ஆட்டிக்கொண்டு வந்து, பேசாமல் காலடியில் உட்கார்ந்துகொள்ளும்.

அதற்கு ஒரு பிஸ்கட் கொடுங்கள். வகுக்க வேண்டாம். முழுசாகவே கொடுங்கள்!